ஒரே நாளில் பதிவான ஆல்பம்: பிளாக் சபாத், கேள்வி பதில்

பிளாக் சபாத் என்ற ஆங்கில ராக் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தில் வெளியானது. குழுவின் பெயர், ஆல்பத்தின் பெயர், முதல் பாட்டின் பெயர் மூன்றும் ஒன்றே. டோனி அயோமி கிட்டார், கீசர் பட்லர் பேஸ், பில் வார்ட் டிரம்ஸ், ஓஸி ஆஸ்போர்ன் பாட்டு. நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள். ஹெவி மெட்டல் என்ற கனமான ராக் வகை இங்கேதான் தொடங்கியது என்பார்கள் பெரும்பாலானோர், நானும் அந்தக் கட்சிதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ரெக்கார்டு பைத்தியம்: ஒரே நாளில் மொத்த ஆல்பத்தையும் பதிவு செய்தார்கள் என்கிறார்களே, உண்மையா? இல்லை, ரசிகர்கள் கட்டிய கதையா?

உண்மைதான். 1969-இன் கடைசி மாதங்களில், லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோவில். தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின், ஒலிப்பதிவுப் பொறியாளர் டாம் ஆலம். கையில் இருந்தது இரண்டு நாள். அதில் ஒரு நாள், பதிவானதைக் கலந்து சீராக்கும் மிக்ஸிங்குக்குப் போய்விடும். மிச்சம் ஒரு நாள். அதனால் மேடையில் வாசிப்பதுபோலவே நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள். ஓஸியைத் தனிக் கூண்டில் நிறுத்தி, அதே நேரத்தில் பாடவைத்தார்கள். பெரும்பாலான பாட்டுகளை இரண்டாம் முறை வாசிக்கவே இல்லை என்று அயோமி பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இது மேதைமையா, அவசரமா என்றால், இரண்டுக்கும் முன்னால் பழக்கம். ஸ்டுடியோவுக்குள் நுழைவதற்கு முன் கிளப் கிளப்பாகச் சுற்றியவர்கள் இவர்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் ஒரே நாளில் பல செட் வாசிக்க வேண்டும். கைவசம் உள்ள பாட்டு தீர்ந்துவிட்டால், இருக்கிற பாட்டையே நீட்டி, நடுவில் புதிதாக எதையாவது பிடித்து ஒப்பேற்ற வேண்டும். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாட்டு யோசிக்கிற வசதி இவர்களுக்கு இல்லை, தேவையும் இருக்கவில்லை.

ஒரு சின்ன விபத்தையும் சொல்ல வேண்டும். அயோமி அன்று கொண்டுபோனது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். முதலில் 'விக்கெட் வேர்ல்ட்' பாட்டை வாசித்து முடித்ததும் அதன் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம், போய்விட்டது. சரி பார்க்க நேரமில்லை. மாற்றாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்ஜி-யை எடுத்து மற்றதையெல்லாம் முடித்தார். அதற்குப் பிறகு எஸ்ஜி-யை அவர் கையைவிட்டுப் பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று.

ஆல்பத்தின் தொடக்கத்தில் கேட்கும் மழை, இடி, கோயில் மணியெல்லாம் பிறகு சேர்த்தவை. குழு அதற்குள் அடுத்த கச்சேரிக்குக் கிளம்பிவிட்டது.

ஆறு கம்பி: அண்ணா, அயோமிக்கு விரல் நுனி கிடையாதாமே? அதனால்தான் கிட்டாரை இறக்கி டியூன் செய்து இந்த கனமான சத்தம் வந்ததா?

பாதி சரி, தம்பி. அவர் இடதுகைக்காரர், ஆகவே கம்பியை அழுத்துவது வலது கை. 17 வயதில் தகரத் தொழிற்சாலையில், அதுவும் வேலையின் கடைசி நாளில், அந்த வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரம் வெட்டி எடுத்துவிட்டது. இனி கிட்டார் அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தீவிபத்தில் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் வாசித்த ஜாஸ் கலைஞர் ஜாங்கோ.

அப்புறம் அயோமி செய்தது சுத்தமான பட்டறை வேலை. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். விரல் நுழைகிற அளவு துளை போட்டு, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து விரல் உறை செய்தார். பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டை வெட்டி அதன் மேல் ஒட்டினார். கனமான கம்பிகளை அழுத்தினால் வலித்தது, மெல்லிய கிட்டார் கம்பி கடையில் கிடைக்கவில்லை. பாஞ்சோ கம்பிகளை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஆனால் டியூனிங் விஷயம் தவறு. முதல் ஆல்பம் வழக்கமான டியூனிங்கில்தான் இருக்கிறது. அவர் ஒன்றரை ஸ்வரம் இறக்கியது 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில். இங்கே கேட்கும் கனத்துக்குக் காரணம் லேனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி), அதற்கு முன்னால் மேல் ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர், கிட்டார் போகும் அதே வழியில் கூடவே போகும் பட்லரின் பேஸ். வாசிப்பின் நிதானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக வாசித்தால் எல்லாமே கொஞ்சம் கனமாகத்தான் தெரியும்.

சுருதிப்பெட்டி: நான் வாய்ப்பாட்டு கற்றவள். முதல் பாட்டில் வரும் மூன்று ஸ்வரமும் ஸ, மேல் ஸ, பிரதி மத்யமம். கல்யாணியில் அதே மத்யமம் எவ்வளவு இனிமை! இங்கே மட்டும் ஏன் வயிற்றைக் கலக்குகிறது?

இந்த அமர்வின் ஆகச் சிறந்த கேள்வி, நன்றி அம்மா. சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். கல்யாணி பாடும்போது பின்னால் தம்புரா பஞ்சமத்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும், மத்யமம் போய்ச் சேர ஓர் இடம் தயாராக இருக்கிறது. அயோமியின் மத்யமம் பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டு நடுங்குகிறதே தவிர, அங்கே போய் உட்காருவதில்லை. இரண்டு ஸட்ஜத்துக்கும் சரி நடுவில் தொங்குகிறது. அதுவும் ஆமை வேகத்தில். அடுத்தது என்ன என்ற தவிப்பைப் பாட்டு தீர்த்தே வைப்பதில்லை, கடைசியில் திடீரென்று ஓட்டம் பிடிக்கும்வரை.

இதன் விதை ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் 'மார்ஸ்'. பட்லர் அதை பேஸில் வாசித்துக்கொண்டிருக்க, அதைக் கேட்ட அயோமி இந்த ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் ஸ்வரத் தொடரை, பிடித்தார். இடைக்காலத் திருச்சபை இந்த ஸ்வர இடைவெளிக்குத் தடை போட்டிருந்தது என்று இணையம் முழுக்கச் சொல்கிறார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது.

திண்டுக்கல் வாசகர்: நேரடியாகக் கேட்கிறேன். இவர்கள் சாத்தானை வழிபட்டவர்களா?

இல்லை. முதல் பாட்டின் வரிகளைப் பாருங்கள்: எதிரே கறுப்பு உருவம் நிற்கிறது, பார்ப்பவன் பயந்து ஓடுகிறான், கடவுளே காப்பாற்று என்கிறான். இதில் வழிபாடு எங்கே இருக்கிறது? பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. கட்டில் முனையில் கறுப்பு உருவம் நிற்பதாக ஒரு நாள் விழித்துப் பார்த்தபோது தனக்குத் தோன்றியதை அவர் ஓஸியிடம் சொன்னார், அதை வைத்துத்தான் ஓஸி வரிகளை எழுதினார். நால்வர் கழுத்திலும் தொங்கிய சிலுவைகளைச் செய்து கொடுத்தவர் ஓஸியின் அப்பா.

பெயர்கூட சினிமாவிலிருந்து வந்ததுதான். ஒத்திகை அறைக்கு எதிர்த் திரையரங்கில் போரிஸ் கார்லாஃப் நடித்த 'பிளாக் சபாத்' என்ற பேய்ப் படத்துக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பயப்படுவதற்குக் காசு கொடுக்கிறார்களே, இசையிலும் அதைச் செய்தால் என்ன என்ற யோசனை. அதுவரை 'எர்த்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதே பெயரில் இன்னொரு குழு இருந்ததால் குழப்பம் வேறு.

'என்.ஐ.பி.' பாட்டுக்கு அமெரிக்க ரசிகர்கள் பயங்கரமான விரிவாக்கம் எல்லாம் கொடுத்தார்கள். விஷயம் இவ்வளவுதான்: பில் வார்டின் தாடி பேனா நிப் மாதிரி கூராக இருந்தது. நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். மர்மமாகத் தெரியட்டும் என்று பட்லர் நடுவில் புள்ளிகளை வைத்தார்.

அட்டைப்பட ரசிகன்: அந்த அட்டையில் நிற்கும் பெண் யார்?

ஒரு மாடல். யார் என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. இடம் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் உள்ள மேப்பிள்டுரம் நீராலை. புகைப்படம் கீத் மெக்மில்லன். உள்பக்கம் தலைகீழ்ச் சிலுவை ஒன்றை அச்சிட்டிருந்தார்கள். அது ரெக்கார்டு கம்பெனியின் வேலை. குழுவுக்கு முன்கூட்டியே தெரியாது, தெரிந்தபோது பிடிக்கவும் இல்லை. போன கேள்விக்கான மூலகாரணம் பாதி இந்த அட்டைதான் என்பேன்.

பழைய பேப்பர்: விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்களாமே? அவர்கள் சொன்னதில் கொஞ்சமாவது நியாயம் உண்டா?

கிழித்தார்கள். ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பாங்ஸ், ப்ளூஸ் ராக் வாசித்த 'கிரீம்' குழுவைப் போல இருக்கிறது, ஆனால் அதைவிட மோசம் என்று முடித்துக்கட்டினார். ராபர்ட் கிறிஸ்ட்காவ் மாந்திரீகப் பாசாங்கு என்று ஒதுக்கினார். முன்னோட்டமாக 1970 ஜனவரியில் வந்த 'ஈவில் உமன்' சிங்கிள் (தனிப்பாட்டு வெளியீடு) தரவரிசைப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் ஆல்பம் பிரிட்டனில் 8-ஆம் இடம், அமெரிக்காவில் 23-ஆம் இடம் வரை போனது. அதை வாங்கியவர்களில் கச்சேரி பார்த்துவிட்டு, அண்ணன் தம்பி சொல்லி, சிநேகிதன் வீட்டில் கேட்டுவிட்டு வந்த பையன்கள் ஏராளம். விமர்சனம் படித்துவிட்டு ரெக்கார்டு வாங்கும் கூட்டம் இல்லை அது.

நியாயம் உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. 'வார்னிங்' வேறொரு குழுவின் பாட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நடுவில் அயோமி தனியாக அலைகிற இடம் ஹாம்பர்க் மேடையில் நேரத்தை ஓட்டிய பழக்கத்தின் மிச்சம். நேரில் கேட்டால் நன்றாக இருந்திருக்கும், தட்டில் நீளம். பாங்ஸ் அதைக் கேட்டு அலுத்துக்கொண்டதில் தப்பில்லை.

அவர் கோட்டை விட்டது வேறு இடத்தில். கிரீமோடு ஒப்பிட்டால் இவர்கள் ப்ளூஸை, அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையை, சரியாக வாசிக்கத் தெரியாதவர்களாகத்தான் தெரிவார்கள். ப்ளூஸின் ஆட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ரிஃப் ஒன்றையே தூணாக நிறுத்தி அதன் மேல் பாட்டைக் கட்டினார்கள் என்பது அவர் காதில் விழவில்லை. ஆனால் பிடிவாதக்காரர் இல்லை: 1972-இல் வேறொரு இதழில் இதே குழுவைப் பற்றி ஆதரவாக நீளமாக எழுதினார். ரோலிங் ஸ்டோனும் பிற்பாடு தன் 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொண்டது.

புது வரவு: எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதல் பாட்டு, பிறகு 'என்.ஐ.பி.'. அதன் முன்னால் பட்லர் தனியாக வாசிக்கும் பேஸை ஹெட்போனில் கேளுங்கள். 'தி விசர்ட்' பாட்டில் மவுத் ஆர்கன் ஓஸி. 'வார்னிங்' கடைசியில் போதும். பிரிட்டிஷ் பதிப்பில் 'ஈவில் உமன்' இருக்கும், அமெரிக்கப் பதிப்பில் அதற்குப் பதில் 'விக்கெட் வேர்ல்ட்'. வாங்குவதற்கு முன் பட்டியலைப் பாருங்கள்.

ஆஸ்டன் தெரு: கடைசிக் கச்சேரியில் இந்த ஆல்பத்திலிருந்து என்ன வாசித்தார்கள்?

2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க் மைதானம், அதாவது ஆஸ்டனிலேயே. பழைய நால்வரும் சேர்ந்து வாசித்தது நான்கே பாட்டு. அதில் மூன்று, இதே 1970-இன் செப்டம்பரில் வந்த இரண்டாவது ஆல்பமான 'பாரனாய்ட்'-இலிருந்து. முதல் ஆல்பத்துக்குக் கிடைத்தது 'என்.ஐ.பி.' மட்டும். ஓஸி உட்கார்ந்தபடியே பாடினார். அதே ஜூலை 22 அன்று இறந்தார்.