வேதியியலா, சுற்றுச்சூழலா? – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

சாத்தூரிலிருந்து எழுதுகிறேன். மகள் பிளஸ் டூவில் கணிதம்–உயிரியல் பிரிவு. கணிதம் 71, இயற்பியல் 79, வேதியியல் 88, உயிரியல் 92. நீட் எழுதவில்லை. சுற்றுச்சூழல் சம்பந்தமாகத்தான் வேலை பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைக்கலாம் என்கிறார்கள். ஒரு தனியார் கல்லூரியிலிருந்து, பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலில் சேர்த்துவிடுங்கள், வேலை நிச்சயம் என்று வாரத்துக்கு இருமுறை போன் வருகிறது. என் மைத்துனரோ பி.டெக். கெமிக்கல்தான் இரண்டுக்கும் பொது என்கிறார். நான் பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிறவன், இதெல்லாம் பிடிபடவில்லை. மகனும் பத்தாவது முடித்திருக்கிறான். அக்கா போகிற வழியில்தான் போவான் போலிருக்கிறது. எதில் சேர்ப்பது?

க., சாத்தூர்

அன்புள்ள க. அவர்களுக்கு,

மகளை வேதியியலில் சேருங்கள். சுற்றுச்சூழலை முதுகலையில் எடுத்துக்கொள்ளட்டும். இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் தொழிலையே பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியம் உப்புகள் கூடாது, புகை குறைந்த பட்டாசும் பசுமைப் பட்டாசும்தான் விற்கலாம் என்றது. மாற்றுக் கலவை தேடிக் கொடுத்தது நாக்பூரில் உள்ள மத்திய அரசின் நீரி, அதாவது தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம். பெயரிலேயே சுற்றுச்சூழல் இருக்கிற நிறுவனம்தான். ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் வேதியியல் கேள்விகள்: பேரியம் நைட்ரேட்டுக்குப் பதிலாக ஆக்சிஜன் கொடுப்பது எது, அலுமினியத்தையும் கந்தகத்தையும் எவ்வளவு குறைத்தால் சத்தம் குறையாமல் புகை மட்டும் குறையும் என்பவை.

சுற்றுச்சூழல் வேலை என்றால் மரம் நடுவது என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளம் வரும் வேலையில் கணிசமான பங்கு ஆய்வகத்திலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும் நடக்கிறது. அங்கே அன்றாடம் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன், மகளிடம் படித்துக் காட்டுங்கள். அதன் பெயர் சி.ஓ.டி., அதாவது வேதி ஆக்சிஜன் தேவை: தண்ணீரில் உள்ள அழுக்கை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு. ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விட வேண்டுமானால் பொது விதிப்படி இது லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 20 மில்லி மாதிரியில் 0.25 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் 10 மில்லி, சில்வர் சல்பேட் கரைத்த அடர் கந்தக அமிலம் 30 மில்லி சேர்த்து 2 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்ய வேண்டும், அதாவது ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்கவிட வேண்டும். ஆறியதும், செலவாகாமல் மீந்த டைகுரோமேட்டை ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டால் டைட்ரேட் செய்ய வேண்டும், அதாவது பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அளக்க வேண்டும். ஃபெரோயின் நிறங்காட்டி நீலப்பச்சையிலிருந்து செம்பழுப்புக்குத் தாவும் சொட்டில் பியூரெட்டை மூடிவிட வேண்டும். பிளஸ் டூ செய்முறையில் உங்கள் மகள் செய்த பெர்மாங்கனேட் டைட்ரேஷனுக்கு இது அண்ணன் முறை.

எளிதாகத்தான் தெரியும். ஆனால் சாயப்பட்டறைத் தண்ணீரிலும் தோல் ஆலைத் தண்ணீரிலும் உப்பு அதிகம். டைகுரோமேட்டுக்கு அழுக்கும் ஒன்றுதான், உப்பில் உள்ள குளோரைடும் ஒன்றுதான். இரண்டையும் ஆக்சிஜனேற்றம் செய்யும். 1 மில்லிகிராம் குளோரைடு 0.226 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவையாகக் கணக்கில் ஏறும். லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடு இருந்தால், துளி அழுக்கு இல்லாத தண்ணீரும் 450 வரை காட்டக்கூடும். இதைத் தடுக்கத்தான் மெர்குரிக் சல்பேட் என்ற பாதரச உப்பு: குளோரைடின் எடையைப் போல் 10 மடங்கு. 20 மில்லி மாதிரியில் 40 மில்லிகிராம் குளோரைடு என்றால் 400 மில்லிகிராம் போட வேண்டும். முதலில் குளோரைடை அளக்காமல் கைப்பழக்கத்தில் ஒரு சிட்டிகை போடுகிறவரின் அறிக்கையில், நல்ல தண்ணீர் விதியை மீறிய தண்ணீராகிவிடும். இன்னொரு பக்கம், வினையூக்கியாகப் போட்ட சில்வர், குளோரைடோடு சேர்ந்து வீழ்படிவாக இறங்கிவிட்டால், சில கரிமப் பொருள்கள் முழுதாக ஆக்சிஜனேற்றமாகாமல் அளவு குறைந்தும் வரும். ஒரே குடுவையில் எதிரெதிர்த் திசையில் இரண்டு பிழைகள்! எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். அந்தச் சந்தேகம் இளங்கலை வேதியியலை ஒழுங்காகப் படித்தவருக்கு வரும். பாடத்திட்டத்தில் 'நீர் மாசு – காரணங்களும் விளைவுகளும்' என்று கட்டுரை மட்டும் எழுதித் தேறியவருக்கு வராது. (சோதனை முடிந்தபின் அந்தப் பாதரசக் கழிவைத் தனிக் கலனில் சேர்க்க வேண்டும். சாக்கடையில் கொட்டினால் மாசு அளக்கும் ஆய்வகமே மாசு செய்ததாகும்.)

வேதியியல் படித்தவருக்கும் தெரியாத பக்கம் ஒன்று உண்டு. பாட்டிலில் வந்த தண்ணீரை அளக்கத் தெரியும். பாட்டிலை எங்கே, எப்போது நிரப்புவது என்று கல்லூரியில் சொல்லித் தருவதில்லை. ஆலை எந்த நேரத்தில் கழிவை விடுகிறது, ஒருமுறை மொண்டால் போதுமா, நாள் முழுக்க மணிக்கொரு தரம் எடுத்துக் கலக்க வேண்டுமா, உலோகம் பார்க்கும் மாதிரிக்கு நைட்ரிக் அமிலம், சி.ஓ.டி.க்குக் கந்தக அமிலம் என்று எதைச் சேர்த்து பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும் – இவை சுற்றுச்சூழல்காரர்களின் பாடம். மாதிரி தவறினால் அதற்குப் பின் எவ்வளவு துல்லியமாக டைட்ரேட் செய்தும் பயனில்லை. ஆனால் இதை முதுகலையிலோ வேலைக்குப் போன முதல் ஆறு மாதத்திலோ கற்றுக்கொள்ளலாம். கனிம வேதியியலை அப்படிக் கற்றுக்கொள்ள முடிவதில்லை.

அடுத்தது, எந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கும் என்பது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வில் வேதியியலுக்குத் தாள் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு இல்லை. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்விலும் வேதி அறிவியல் இருக்கிறது, சுற்றுச்சூழல் என்று தனித் தாள் இல்லை, அது யு.ஜி.சி. நெட்டில்தான் இருக்கிறது. கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல் தாள் வந்திருக்கிறது. எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர் அதை எழுதி, அந்தப் பட்டத்தை ஏற்கும் இடங்களில் எம்.டெக். போகலாம். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் வேலை வேதியியலுக்கு உண்டு, சுற்றுச்சூழலுக்கு அப்படி ஒரு பணியிடம் கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு முதுகலை கேட்பார்கள், வேதியியல் முதுகலையும் அதில் சேர்த்தி. ஆக, வேதியியலிலிருந்து சுற்றுச்சூழலுக்குத் தாவலாம். அங்கிருந்து இங்கே வருவது கடினம். நான் வேதியியல் பக்கம் சாய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மைத்துனர் சொல்வதைப் பார்ப்போம். பொறியியல் கலந்தாய்வில் கணிதம் முழுதாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் எடுப்பார்கள்: 71 + 39.5 + 44, மொத்தம் 200க்கு 154.5. உயிரியலில் வாங்கிய 92 கணக்கிலேயே வராது. அது போகட்டும். கெமிக்கல் இன்ஜினியரிங் வேதியியலின் நீட்சி என்பது பெயரால் வந்த மயக்கம். அங்கே படிப்பது பொருள் சமநிலை, வெப்பக் கடத்தல், பம்பு, குழாய், காய்ச்சி வடிக்கும் கோபுரம், முழுக்கக் கணக்கு. வேதியியல் பிடிக்கும், கணிதம் அவ்வளவாக வராது என்கிற பிள்ளை அதில் இரண்டாமாண்டிலேயே அரியர் சேர்க்கத் தொடங்கும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி நடத்த ஆசை, அதற்காகக் கணிதத்தோடு மல்லுக்கட்டவும் தயார் என்றால் மட்டும் யோசியுங்கள். அந்த ஆசைக்கு சிவில் படித்து எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் போவதும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.டெக். எரிசக்தி, சுற்றுச்சூழல் பொறியியலும்கூட வழிகள்.

இப்போது அந்த விதிவிலக்கு. மகளின் 'சுற்றுச்சூழல்' எது என்று கேளுங்கள். சதுப்புநிலம், பறவை, காடு, கடலோரம், சட்டம், திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று பதில் வந்தால் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் நல்ல படிப்பு. தாவரவியல், விலங்கியலும் அதே இடத்துக்குக் கொண்டுபோகும். தண்ணீர், புகை, ரசாயனம், மண்ணில் கலந்த உலோகம் என்று வந்தால் வேதியியல்தான். உயிரியலில் 92 வாங்கிய பெண் என்பதால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள்.

போன் செய்யும் கல்லூரியிடம் மூன்று ஆண்டுப் பாடத்திட்டத்தை வாங்கி, செய்முறையோடு கூடிய வேதியியல் தாள்கள் எத்தனை என்று எண்ணுங்கள். நான்குக்குக் குறைந்தால் வேண்டாம். 'வேலை நிச்சயம்' என்றால் என்ன வேலை என்று கேளுங்கள். பெரும்பாலும் மாதிரி எடுக்கும் கள உதவியாளர் வேலையாக இருக்கும். காற்றுத் தர அளவீடு 24 மணி நேரம் நடப்பது. ஆலை மொட்டை மாடியில் கருவியோடு இருந்து 8 மணி நேரத்துக்கு ஒருமுறை வடிதாளை மாற்ற வேண்டும், இரவிலும். கேவலமான வேலை இல்லை, தொழிலின் முதல் படி அது. ஆனால் அதற்கு பி.எஸ்சி. வேதியியல்காரரையும் எடுப்பார்கள்.

அரசுக் கல்லூரி விண்ணப்பத்தில் மொழிப்பாடம் தவிர்த்த நான்கு பாட மதிப்பெண்தான் பார்ப்பார்கள்: உங்களுக்கு 400க்கு 330. சேரும் முன் எந்தக் கல்லூரியானாலும் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். வகுப்பில் எத்தனை பேர், எத்தனை பியூரெட்? மூன்று பேர் ஒரு பியூரெட்டைப் பிடித்தால் ஒருவர் கற்பார், இருவர் எண்ணைக் காப்பியடிப்பார்கள். நான்கு தசம எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறதா, நச்சுப்புகையை வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டின் விசிறி சுற்றுகிறதா, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் மேல் உறை போட்டுத் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வக உதவியாளரிடம் பேச்சுக் கொடுத்தால் முதல்வர் சொல்லாததெல்லாம் வரும்.

துணைப்பாடம் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மகள் விலங்கியல் கேட்பாள், கல்லூரி அனுமதித்தால் கணிதம் எடுக்கச் சொல்லுங்கள். வெப்ப இயக்கவியலும் குவாண்டம் வேதியியலும் வகைநுண்கணிதம் இல்லாமல் மனப்பாடமாகிவிடும். எம்.எஸ்சி. சேர்க்கையில் சில நிறுவனங்கள் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கவும் செய்யும்.

கடைசியாக, மகன். பிளஸ் ஒன்னில் அவனுக்கும் கணிதம்–உயிரியல் பிரிவே வாங்குங்கள். அறிவியல் படிப்புக்கென்றே மத்திய அரசு நடத்தும் ஐசர் நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்புக்கான நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 குறையும். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும். அந்த ஆண்டு மார்ச்சிலிருந்தே அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள்.