செம்பு தங்கத்தில் கரைகிறது, வெள்ளியில் ஏன் பிரிகிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலோகப் பொறியியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். ஓர் உலோகம் இன்னொன்றில் திண்ம நிலையில் கரையுமா என்று சொல்லும் ஹியூம்-ராதரி விதிகளின்படி செம்பும் வெள்ளியும் எந்த விகிதத்திலும் கரைய வேண்டும். அணு அளவு வேறுபாடு 15 சதவீதத்துக்குள், ஒரே படிக அமைப்பு, எலக்ட்ரான் கவர்தன்மையும் (எலக்ட்ரானைத் தன்பக்கம் இழுக்கும் திறன்) கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் எந்த வெப்பநிலையில், எந்த விகிதத்தில் கலவை எப்படி இருக்கும் என்று காட்டும் ஃபேஸ் டயக்ராமில் இரண்டும் பிரிந்தே நிற்கின்றன. விதியே தவறுகிறது, கலவைகளைக் கணிக்கக் கணினியும் வந்துவிட்டது. இதை இன்னும் ஏன் படிக்கிறோம்?

கா.

அன்புள்ள கா.,

மிக நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்த இரண்டோடு தங்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். செம்பு அணுவின் ஆரம் 128 பிக்கோமீட்டர். வெள்ளி, தங்கம் இரண்டுக்கும் ஏறத்தாழ 144. அளவு விதிக்கு வெள்ளியும் தங்கமும் ஒன்றுதான். மூன்றும் முகப்பு மைய கனசதுரப் படிகங்கள் (கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணுக்கள்), தனிம அட்டவணையில் ஒரே தொகுதி. அப்படியிருந்தும் தங்கமும் செம்பும் உருகி உறையும்போது எல்லா விகிதத்திலும் ஒரே திண்மக் கரைசலாகின்றன. வெள்ளியோ 780 டிகிரி செல்சியஸிலேயே எடையில் 9 சதவீதத்துக்கும் குறைவான செம்பைத்தான் ஏற்கிறது. அறை வெப்பநிலையில் அதுவும் அநேகமாக இல்லை.

அளவு பொருந்தாத அணு உள்ளே வந்தால் சுற்றியுள்ள அணுக்களின் ஒழுங்கான வரிசை, அதாவது அணிக்கோவை, நெளிகிறது. இந்தத் திரிபு ஆற்றல் அளவு வேறுபாட்டின் வர்க்கத்தைப் போல ஏறும். அதற்கு எதிராக நிற்பவை இரண்டு: கலப்பதால் கூடும் ஒழுங்கின்மை, வேற்றணுக்களுக்கு இடையிலான ஈர்ப்பு. முதலாவது வெப்பநிலையோடு வலுக்கும், இரு கலவைக்கும் பொது. இரண்டாவதில்தான் வேறுபாடு. எலக்ட்ரான் கவர்தன்மை பாலிங் அளவில் செம்புக்கு 1.90, வெள்ளிக்கு 1.93, தங்கத்துக்கு 2.54. கவர்தன்மை நெருங்கியிருந்தால் நல்லது என்று உங்கள் பாடநூல் சொல்லும். இங்கே நெருங்கியிருப்பதால்தான் வெள்ளிக்கும் செம்புக்கும் இடையில் தனி ஈர்ப்பு இல்லை. திரிபுக்கான விலையைக் கொடுக்க ஆளில்லை. தங்கத்துக்கும் செம்புக்கும் கவர்தன்மை விலகியிருப்பதால் ஈர்ப்பு உண்டு; அதனால் அவை கலக்கும்போது வெப்பம் வெளிப்படுகிறது.

அந்த ஈர்ப்பைப் பட்டறையிலேயே பார்க்கலாம். 18 காரட் சிவப்புத் தங்கத்தில், எடையில் முக்கால் பங்கு தங்கமாக இருந்தாலும், அணுக்களை எண்ணினால் தங்கமும் செம்பும் ஏறக்குறைய சரிபாதி. மெதுவாக ஆறவிட்டால் சுமார் 400 டிகிரிக்குக் கீழே அவை அடுக்கடுக்காக ஒழுங்காகி உலோகம் கடினப்பட்டுவிடும். அதனால்தான் அதைச் சூட்டோடு நீரில் அமிழ்த்துகிறார்கள்.

வில்லியம் ஹியூம்-ராதரி 1917இல் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர். ராணுவ வாழ்க்கை கைவிட்டுப்போக, ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்து உலோகக் கலவைகளுக்கு வந்தார். செம்பு, வெள்ளிக் கலவைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1934இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்டதுதான் 15 சதவீத வரம்பு. அது கரையாது என்பதைச் சொல்லும் விதி. வரம்பைத் தாண்டினால் பெரும்பாலும் அதிகம் கரையாது. வரம்புக்குள் இருந்தால் கரையும் என்று அது உறுதி தரவில்லை. ஆகவே உங்கள் உதாரணத்தில் விதி தவறவில்லை என்றே நான் சொல்வேன். அதைத் தலைகீழாகப் படிக்கக் கற்றுத் தருவதுதான் தவறு. தேர்வுக்காக நான்கு வரியில் மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கணினி விஷயம். 2004இல் பிரையன் கேன்டர் என்ற உலோகவியலாளரின் குழுவினர் குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஐந்தையும் சம அணு விகிதத்தில் கலந்து ஒரே முகப்பு மைய கனசதுரக் கரைசலைப் பெற்றார்கள். அறை வெப்பநிலையில் அந்த அமைப்பு இயல்பாக உள்ளது அந்த ஐந்தில் நிக்கலுக்கு மட்டும்தான்! இப்படிப்பட்ட பல்தனிமக் கலவைகளைத் தேடும் கணினி மாதிரிகளுக்கு உள்ளே கொடுக்கப்படும் எண்களில் முக்கியமானவை அணு அளவு வேறுபாடு, கலத்தல் வெப்பம், கவர்தன்மை வேறுபாடு, பிணைப்பில் பங்கேற்கும் இணைதிறன் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. பட்டியலைப் பார்த்தாலே எங்கிருந்து வந்தவை என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்து செம்பு–நிக்கல், செம்பு–துத்தநாகம், செம்பு–வெள்ளீயம் மூன்றின் ஃபேஸ் டயக்ராம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கரையும் எல்லை எந்த வெப்பநிலையில் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, பிறகு ஆரங்களைப் பாருங்கள்.