அணு நிறைக்கு ஏன் கார்பன்-12? கேள்வி பதில்

கேள்வி: சார், கார்பன்-12 அணுவுக்கு 12 என்று வைத்து, மற்ற அணுக்களின் நிறையை அதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். ஆனால் இருப்பதிலேயே லேசானது ஹைட்ரஜன். அதையே 1 என்று வைத்திருக்கலாமே?

பதில்: டால்டன் அப்படித்தான் வைத்தார். சிக்கல் தராசில் வந்தது. பெரும்பாலான உலோகங்கள் ஹைட்ரஜனோடு எளிதில் சேராது, ஆக்சிஜனோடு சேரும். ஆக்சைடை நிறுத்துத்தான் நிறை கண்டார்கள். அதை ஹைட்ரஜன் கணக்குக்கு மாற்ற ஆக்சிஜன்–ஹைட்ரஜன் விகிதம் வேண்டும். அந்த ஒரு விகிதத்தில் திருத்தம் வந்தால் மொத்த அட்டவணையையும் திருத்த வேண்டும். ஆக்சிஜன் = 16 என்று வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஹைட்ரஜன் 1.008 ஆனது.

கேள்வி: பிறகு ஏன் ஆக்சிஜனையும் விட்டார்கள்?

பதில்: 1929-இல் ஜியோக், ஜான்ஸ்டன் என்ற வேதியியலாளர்கள் இருவரும் ஆக்சிஜனில் 17, 18 நிறை எண் கொண்ட ஐசோடோப்புகளும் (ஒரே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணுக்கள்) கலந்திருப்பதைக் கண்டார்கள். வேதியியலாளர்கள் அந்தக் கலவைக்கு 16 என்றார்கள். இயற்பியலாளர்கள் ஆக்சிஜன்-16-க்கு மட்டும் 16 என்றார்கள். இரண்டு அளவுகளுக்கும் பத்து லட்சத்தில் சுமார் 275 பங்கு வித்தியாசம். இதைவிடப் பெரிய குறை, கலவையே நிலையானது அல்ல என்பது: காற்றிலுள்ள ஆக்சிஜனில் 18-இன் பங்கு கடல்நீரில் உள்ளதைவிடச் சற்று அதிகம். எடைக்கல்லே இடத்துக்கு இடம் மாறினால் எதை நம்பி நிறுப்பது?

கேள்வி: எல்லோரும் ஆக்சிஜன்-16-க்கே வந்திருக்கலாம். இல்லையென்றால் ஒரே ஐசோடோப்பு உள்ள ஃபுளூரின்?

பதில்: ஃபுளூரின்-19-ஐயும் பரிசீலித்தார்கள். ஆக்சிஜன்-16-க்கு வந்தால் வேதியியல் எண்கள் எல்லாம் அந்த 275 பங்கு நகரும். கார்பன்-12-க்கு வந்தால் நகர்வு சுமார் 43 பங்குதான், பெரும்பாலான பழைய தரவு அப்படியே நிற்கும். 1957-இல் இயற்பியலாளர் நியர், வேதியியலாளர் ஒலாண்டர் இருவரும் இதைச் சொன்னார்கள். உலக இயற்பியல் ஒன்றியம் 1960-இலும் வேதியியல் ஒன்றியம் 1961-இலும் ஏற்றன.

இயற்பியலாளர்கள் இசைந்ததற்குக் காரணம் நிறை நிறமாலைமானி, அதாவது அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்கள், மூலக்கூறுகள்) நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி. கார்பன் சங்கிலியாகச் சேர்வதால் 12, 24, 36 என்று ஒப்பிடும் புள்ளிகள் வரிசையாகக் கிடைக்கும். ஹைட்ரஜனும் சேர்ந்தால் இடைப்பட்ட எண்களும் கிடைக்கும். மீத்தேன் அயனியும் ஆக்சிஜன்-16 அயனியும் 16.0313, 15.9949 என்று அடுத்தடுத்து விழும். அளக்க வேண்டியது 0.0364 என்ற இடைவெளியை மட்டுமே. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை வந்தாலும், முழு நிறையில் அது பத்து லட்சத்தில் சுமார் 2 பங்குதான். இவ்வளவு அழகான முறை வேறு தனிமத்தில் இத்தனை வசதியாக அமையாது என்பேன்.

கேள்வி: அட்டவணையில் கார்பன் 12.011 என்றல்லவா இருக்கிறது?

பதில்: அது இயற்கைக் கார்பனின் சராசரி, அதில் சுமார் 1.1% கார்பன்-13. சரியாக 12 என்பது கார்பன்-12 அணு ஒன்றுக்கு மட்டும். கணக்கில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 2019-இல், துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகான மோலின் வரையறை மாறியதே, இதுவும் மாறியதா?

பதில்: இல்லை. கார்பன்-12 அணு இன்றும் சரியாக 12 அணு நிறை அலகு. மாறியது மோல்: அது இப்போது 6.02214076×10²³ துகள்கள் என்று நேராக வரையறுக்கப்படுகிறது. அதனால் ஒரு மோல் கார்பன்-12 சரியாக 12 கிராம் என்பது வரையறை அல்ல, அளந்து காணும் மதிப்பு. வித்தியாசம் மிக மிக நுண்ணியது. வகுப்பறைக் கணக்கில் 12 என்றே போடுங்கள்.