பந்தி விசாரணை

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 54 வயது. கல்யாணமாகி வந்ததிலிருந்து 29 வருஷமாக ஒரே சி.எஸ்.ஐ. சபையில் இருக்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்பிலும் இருந்திருக்கிறேன். போன மாதம் ஆராதனை முடிகிற நேரத்தில் சபைப் போதகரான ஐயர் ஓர் அடக்க அறிவிப்பு வாசித்தார். பெயரைக் கேட்டும் எனக்கு யாரென்று தெரியவில்லை. "யாருக்கா இது?" என்று பக்கத்தில் கேட்டேன். "நம்ம கோயிலைத் தூத்துப் பெருக்குவாகளே, அந்த அம்மா" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் உட்காரும் பாயை இத்தனை வருஷம் விரித்தது அந்த அம்மாதான். எப்போதும் கடைசியில், செருப்பு விடுகிற வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவ்வளவுதான். இப்போது அவருடைய மருமகள் பெருக்க வருகிறாள். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை, ஜெபத்தில் உட்கார முடியவில்லை. இனியாவது மனுஷரைக் கண் திறந்து பார்க்க ஆசை. ஆனால் திடீரென்று போய்ப் பேசினால் வேஷம் மாதிரி இருக்காதா? பழகினால் பணம் கேட்பார்களே? எத்தனை பேரைத்தான் பார்ப்பது? "அம்மா, ஓவரா யோசிக்கிறீங்க" என்கிறான் என் மகன்.

— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் முழுசாக நான்கு பக்கம். இரண்டு தடவை வாசித்தேன். 'அந்த அம்மா' என்று திரும்பத் திரும்ப வருகிறது. பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. பத்திரிகையில் வரவேண்டாம் என்று விட்டீர்களோ என்று நினைத்தேன். ஆனால் உங்கள் சொந்தப் பெயரைத் தெளிவாக எழுதி, பக்கத்திலேயே "இதைப் போடாதீர்கள்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் பெயருக்கு அந்த ஒரு வரிகூட இல்லை. ஐயர் சொல்லி, நீங்கள் காதால் கேட்ட பெயர். மறுபடியும் நழுவிவிட்டது.

குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்று காட்டத்தான். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உங்கள் மனசு, உங்கள் தூக்கம், உங்கள் ஜெபம். குற்ற உணர்ச்சிக்கு அப்படி ஒரு குணம் உண்டு. அடுத்தவரைப் பற்றி ஆரம்பித்து, நம்மிடமே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதிலேயே தங்கிவிடக் கூடாது.

ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தை எடுத்து, ஆகாரை யார் யார் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். சாராய் வாயில் 'என் அடிமைப்பெண்'. ஆபிராம் வாயில் 'உன் அடிமைப்பெண்'. இத்தனைக்கும் அவள் வயிற்றில் வளர்வது ஆபிராமின் பிள்ளை. கதை சொல்கிறவர் பெயரைச் சொல்கிறார், ஆனால் அந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேரும் ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. அவள் ஓடிப்போய் வனாந்தரத்தில் நீரூற்றண்டை நிற்கும்போதுதான் கர்த்தருடைய தூதனானவர் 'ஆகாரே' என்று அழைத்து, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். உடனே தீர்வு சொல்லவில்லை, விசாரிக்கிறார். அதற்கப்புறம்தான் அவள் 'நீர் என்னைக் காண்கிற தேவன்' என்று அவருக்கே ஒரு பெயர் வைக்கிறாள்.

விசாரிப்பது என்றதும் இப்போது நமக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் நம் வேதாகமத்தில் அது எவ்வளவு நல்ல சொல்! 'வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்' என்று மத்தேயு 25-இல் வருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அப்போஸ்தலர் 6-இல் வரும் 'பந்திவிசாரணை'. வெறும் பரிமாறுதல் இல்லை அது. கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் பல பேர், விசாரிக்கிறவர் ஒருவர்தான். அவர் கையில் வாளி இருக்காது. வரிசையாக நடப்பார், முகங்களைப் பார்க்க மாட்டார், இலையைப் பார்ப்பார். முகத்தைப் பார்த்தால் மாப்பிள்ளையின் மாமாவிடமே நின்றுவிடத் தோன்றும். இலையைப் பார்த்தால்தான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு ரசம் வரவில்லை என்று தெரியும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் கிடைத்தது ஓர் அசனத்தில், அதாவது சபை விருந்தில். 20 வருஷம் இருக்கும். நான் பரிமாறும் குழுவில் இருந்தேன். ஐந்து பந்தி முடிந்து நாலு மணி ஆகிவிட்டது. கை கழுவக் கோயிலுக்குப் பின்னால் போனேன். அங்கே மூன்று பெண்கள் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, தேங்காய் நாரும் சாம்பலுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அண்டாவுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்திருந்தாள். "சாப்டாச்சா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் சோறு அடிப்பிடித்த காந்தல் மட்டும் இருக்கிறது, கறி ஒரு துண்டு இல்லை. திரும்பி வந்து என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அண்டாவுக்குள் இருந்த பெண்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்: "பரவால்ல டீச்சர், நாங்க வீட்ல போயி சாப்ட்டுக்கிடுதோம்." அவளுக்கு நான் டீச்சர் என்று தெரியும். எனக்கு அவள் யாரென்று தெரியாது.

எருசலேம் சபையிலும் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். கிரேக்க மொழி பேசிய விதவைகள் 'அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை' என்று முறுமுறுப்பு வந்தது. யாரும் வேண்டுமென்று பட்டினி போட்டதாக வசனம் சொல்லவில்லை. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அப்போஸ்தலர்கள் செய்த காரியத்தைக் கவனியுங்கள். ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே கரண்டியைக் கொடுத்ததாகத்தான் நான் அதை வாசிக்கிறேன். 'இனிமேல் கவனமாக இருக்கிறோம்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு நிறுத்தியிருந்தால், அடுத்த மாதம் அதே கதைதான்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

வேஷம் மாதிரி இருக்காதா என்கிறீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் இருக்கும்தான். புதுச் செருப்பும் அப்படித்தான் கடிக்கிறது. ஒரேயடியாகப் போய் உட்கார்ந்து குடும்பக் கதையெல்லாம் கேட்காதீர்கள், அந்தப் பெண் பயந்துபோவாள். நம் ஊரில் பெயர் கேட்பதற்கு முன்னால் நம்மைச் சொல்லிக்கொள்வது வழக்கம். நீங்கள் யாரென்று சொல்லுங்கள். "ஒங்க அத்தை விரிச்ச பாய்ல 29 வருஷம் உக்காந்திருக்கேன், அவங்க பேரு தெரியாமப் போச்சு" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. அந்த அம்மாவின் பெயரை மருமகள் வாயால் கேட்டு, அப்புறம் அவளுடைய பெயரையும் கேளுங்கள். இன்னொன்று, கடிதத்தில் மாமியாருக்கு 'அவர்' போட்டிருக்கிறீர்கள், மருமகள் மட்டும் 'வருகிறாள்'. எதிரே நின்று பேசும்போது 'நீங்க' என்றே பேசுங்கள். 'இந்தாம்மா' என்று கூப்பிடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதை மரியாதை என்று நினைத்து எத்தனையோ வருஷம் நானும் சொல்லியிருக்கிறேன்.

பணம் கேட்டால்? கேட்கட்டும். முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் "இப்ப இல்லம்மா" என்று முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். இல்லை என்று சொன்ன அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பேச வேண்டும், அங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். கூச்சப்பட்டு நாமே ஒதுங்கிவிட்டு, "பணத்துக்குத்தான் பழகினாங்க" என்று பழியை அவர்கள் மேல் போட்டுவிடுகிறோம்.

ஆனால் பணம் என்றதும் எனக்குத் தோன்றுவது வேறு. நீங்கள் பொறுப்பில் இருந்தவர். அந்த அம்மாவுக்குச் சபை மாதம் என்ன கொடுத்தது? கடைசியாக எப்போது சம்பளத்தை உயர்த்தினார்கள்? காய்ச்சல் என்று ஒரு வாரம் வராவிட்டால் அதில் பிடித்தார்களா? மருமகளுக்கும் அதே தொகைதானா? உங்களுக்குத் தெரியாவிட்டால் சபைக் கமிட்டியில் கேளுங்கள். 'உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி' கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினது வயல்காரருக்கு மட்டும் என்று நினைக்கிறோம். கிறிஸ்மஸுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்துவிட்டால் கூலிக் கணக்கு தீர்ந்துபோகாது. சபை கொடுக்க வேண்டியதை நீங்கள் தனியாக அன்பளிப்பாகக் கொடுப்பதும் சரியில்லை. அது உங்களைப் பெரியவராக்கும், சபையைத் தப்பவிடும்.

அவர் ஏன் செருப்புக் கிடக்கும் வாசல் பக்கமே உட்கார்ந்தார்? இதையும் யோசியுங்கள். பெருக்குகிற வேலை என்பதாலா, அல்லது உள்ளே வந்து உட்கார் என்று யாரும் சொல்லாததாலா? நம் பக்கத்துக் கோயில்களில் யார் எங்கே உட்காருவது என்பதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயத்தைச் சாதி பார்த்து இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டி, நடுவே சுவர் வைத்திருந்தார்கள். 1910-இல் அந்தச் சுவரை எடுத்தபோது, சுவர் வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனார்கள். சுவர் போய்விட்டது. பாய்? 'நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு' என்று யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் இருப்பதை வாய் திறந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமலே நடக்கும். அந்த மருமகளை முன்னால் இழுத்துக்கொண்டு வராதீர்கள், அது அவருக்குத் தண்டனை. ஒரு ஞாயிறு நீங்கள் பின்னால் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

எத்தனை பேரைப் பார்ப்பது என்ற கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் இல்லை. பெதஸ்தா குளத்தண்டையில் திரளான வியாதிக்காரர் படுத்திருந்தார்கள் என்று யோவான் எழுதுகிறார். இயேசு போய்ப் பேசினதாக அங்கே எழுதியிருப்பது ஒரே ஒருவனிடம், 38 வருஷமாகக் கிடந்தவனிடம். அவனிடமும் முதலில் கேள்விதான் கேட்டார். மற்றவர்களை ஏன் விட்டார் என்று எனக்கு விளங்கினதே இல்லை. ஆனால் எல்லாரையும் பார்க்க முடியாது என்பதைக் காரணம் காட்டி ஒருவரையும் பார்க்காமல் போவதற்கு அந்த அதிகாரத்தில் இடமில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இப்படி மனசு கலங்கினவர்கள் அடுத்து செய்வது, மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவது. உங்கள் சங்கத்திலும் யாராவது இதைச் சொல்வார்கள், பாருங்கள். வேண்டாம். எல்லாரும் வெளிச்சத்தை விரும்புவதில்லை. பக்கத்தில் டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1951-இல் இறந்தபோது, தன் கல்லறையில் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, தாய் என்ற பொருளில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்கள். ஏமி வேண்டாமென்று தாமே சொன்னவர். உங்கள் கோயிலில் பாய் விரித்தவரிடம் யாரும் கேட்கவே இல்லை. இரண்டும் வேறு வேறு. அந்த அம்மாவின் வீட்டுக்கு இன்னும் போகவில்லையென்றால் இந்த வாரமே போய் வாருங்கள், கையில் ஒரு சீப்பு பழம் போதும். வருஷ நினைவு நாள் என்றைக்கு என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், பெயரோடு.

அசனக் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். மறுவருஷம் கமிட்டியில் நான் கேட்டது ஒன்றுதான்: பாத்திரம் தேய்க்கிறவர்களும் விறகு தள்ளுகிறவர்களும் முதல் பந்தியில் உட்கார வேண்டும். "அப்போ வேலை யார் பார்க்கிறது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். முக்கால் மணி நேரம் பேச்சு நடந்து, கடைசியில் அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. "பாத்திரம் கெடக்கே டீச்சர்" என்று எழுந்து எழுந்து போனார்கள். போன வருஷம் அண்டாவுக்குள் உட்கார்ந்திருந்தவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையின் ஓரத்தில் இருந்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சோறு இருந்தது, கறி இருந்தது, அப்பளம்கூட இருந்தது. "என்ன வேணும்?" என்று பெயர் சொல்லிக் கேட்டேன். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கறியில உப்பு பத்தல டீச்சர்."