பள்ளியின் பழைய மெட்ராஸ் டெரஸ் ஒழுகினால் என்ன செய்வது?

கேள்வி: தேவகோட்டை பக்கத்தில் ஒரு அறக்கட்டளையின் நான்கு பள்ளிகளுக்கு நான் ஒருவன்தான் பராமரிப்பு ஆள். தோட்டம், தண்ணீர்த் தொட்டி, கட்டடம் எல்லாம் என் பொறுப்பு. ஒரு பள்ளியில் தேக்குக் கட்டை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ். போன ஐப்பசியில் இரண்டு வகுப்பறைகளில் ஒழுகிவிட்டது. மொத்த மாடிக்கும் கெமிக்கல் கோட்டிங் அடித்து, மேலே வெள்ளை டைல்ஸ் ஒட்டித் தருகிறேன், பத்து வருட கேரண்டி என்கிறார் ஒரு ஏஜென்ட். நிர்வாகமும் சரி என்கிறது. செய்யலாமா?

பதில்: வேண்டாம். கோட்டிங்கும் வேண்டாம், டைல்ஸும் வேண்டாம். உங்கள் மாடிக்கு அந்த இரண்டுமே கெடுதல்.

மெட்ராஸ் டெரஸ் என்பது கான்கிரீட் பலகை அல்ல. கீழே கட்டைகள், அதன்மேல் சுண்ணாம்பில் குத்தி நிறுத்திய சின்னச் செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் தட்டி இறுக்கிய தளம், கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. இந்த அடுக்கு முழுவதும் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயில் வந்தால் அதை வெளியே விட்டுவிடும். அப்படி விடுவதால்தான் கட்டை பல தலைமுறை உளுக்காமல் நிற்கிறது. மேலே பிளாஸ்டிக் தோல்போல ஒன்றைப் பூசி அடைத்தால் ஈரம் போக ஒரே வழிதான் மிச்சம்: கீழே, கட்டைக்குள். ஒரு கோடை தாண்டினால் கோட்டிங்கில் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கும், இறங்கியது மேலே ஏறாது.

டைல்ஸ் இன்னும் மோசம். ஒட்டுவதற்குப் போடும் ஒரு அங்குல சிமெண்டுக் கலவையே சதுர அடிக்கு ஐந்து கிலோ. 20 அடிக்கு 20 அடி வகுப்பறை என்றால் இரண்டு டன். அதைப் பிள்ளைகள் தலைக்கு மேல் பழைய கட்டையில் ஏற்றிவிட்டுப் பத்து வருடம் கேரண்டி என்றால், கேரண்டித் தாளின் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள். கட்டட அசைவால் வரும் விரிசலுக்குப் பொருந்தாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். சுண்ணாம்புக் கட்டடம் வெயிலுக்கும் பனிக்கும் தினமும் அசையும். ஆக, எதற்கும் பொருந்தாத கேரண்டி. சதுர அடிக் கணக்கில் கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தையும் சேர்த்திருக்கிறாரா என்றும் டேப் பிடித்துப் பாருங்கள்.

இன்னொருவர் வருவார், அவரிடம் இதைவிட உஷாராக இருங்கள். “கட்டை போச்சு சார், இறக்கிடலாம், இடிக்கிற செலவு நம்மது, கட்டைக்கும் ஒரு தொகை தர்றோம்” என்பார். அவர் ஒழுகலைப் பார்க்க வரவில்லை, பர்மா தேக்கைப் பார்க்க வந்திருக்கிறார். செட்டிநாட்டில் இறக்கிய உத்திரமும் கதவும் எங்கே போய் என்ன விலைக்கு நிற்கின்றன என்று காரைக்குடிக் கடைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டை கெட்டதா இல்லையா என்பதை அதை வாங்க வந்தவர் சொல்லக் கூடாது.

நீங்களே பார்க்கலாம். கட்டை முதலில் கெடுவது நடுவில் அல்ல, சுவருக்குள் நுழையும் முனையில். ஏணி போட்டு, ஒவ்வொரு முனையையும் நீளமான ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். நல்ல தேக்கு ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விடாது. அரை அங்குலம் சுலபமாக இறங்கினாலோ, சுத்தியலால் தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தாலோ, சுவரோரம் கரையான் மண் தடம் ஏறியிருந்தாலோ, அந்த வகுப்பை அன்றே காலி செய்து, முட்டுக் கொடுத்து, பழைய கட்டட வேலை தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. மாடிக்கு ஏறாமலேயே உறுதிச் சான்றில் கையெழுத்துப் போடுகிறவர் வேண்டாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகும் நம் ஊரில் சான்று என்பது பல இடங்களில் தாள்தான்.

கட்டை நன்றாக இருந்தால் மிச்சமெல்லாம் சின்ன வேலை. சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் கட்டையோடு ஓடி எங்கோ ஓரிடத்தில் சொட்டும். கீழே கறை எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, மாடியில் அந்த இடத்தைக் குறித்து, அங்கிருந்து மேட்டுப் பக்கமாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஹோஸ் பைப்பில் ஒவ்வொரு பகுதியாக அரை மணி நேரம் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். குழாயை அடைத்துக் குளம் கட்டிப் பார்ப்பது கான்கிரீட் மாடிக்கு உரியது. 100 சதுர அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் அது 470 கிலோ, பழைய கட்டைக்கு வேண்டாத பாரம்.

பெரும்பாலும் குற்றவாளி வடிகுழாய் வாய்தான். வேப்பஞ்சருகும் புறா எச்சமும் சேர்ந்து அடைத்து, தண்ணீர் நின்று, கைப்பிடிச் சுவர் சேரும் மூலையில் இறங்கும். வாயைத் தோண்டிச் சுத்தம் செய்து, குழாயில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, கீழே தடையில்லாமல் வருகிறதா பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை இது நடக்க வேண்டும். மாணவர்களை மாடிக்கு ஏற்றிச் சருகு அள்ள விடாதீர்கள். சுவரில் முளைத்த அரசஞ்செடியையும் பிடுங்காதீர்கள், சுவரும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் காய்ந்த பிறகு எடுங்கள்.

அடுத்து தட்டோட்டு இடுக்குகள். விட்டுப்போன இடுக்கை அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழம் வெட்டி, தூசி ஊதி, நனைத்து, சுண்ணாம்புக் கலவையை அழுத்தி அடைக்க வேண்டும். பத்து நாளாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி என்கிற செங்கல் தூள் ஒரு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு. சுர்க்கிக்கு அளவாக வெந்த செங்கல் வேண்டும், கருகிப்போன செங்கலின் தூள் வெறும் மண்தான். நூறு அடி இடுக்குக்கு ஐந்தாறு லிட்டர் கலவை போதும். அரை பக்கெட்கூட வராது! அரை பக்கெட் வேலைக்குத்தான் மொத்த மாடிக்கும் எஸ்டிமேட் போடுகிறார்கள். அடைத்த இடத்தில் ஈரச் சாக்கு போட்டுப் பத்து நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொத்தனார் “கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தா கெட்டியாப் பிடிக்கும்” என்பார். கெட்டியாகத்தான் பிடிக்கும், பக்கத்துத் தட்டோட்டின் ஓரத்தையும் சேர்த்துப் பிய்க்கும்.

ஒரே ஒரு இடம் விதிவிலக்கு, இதை நிதானமாகப் படியுங்கள். பழைய பள்ளிகளில் பின்னால் ஒரு கான்கிரீட் அறையை ஒட்டிக் கட்டியிருப்பார்கள். இரண்டும் சேரும் கோட்டில் சுண்ணாம்பும் நிற்காது, சிமெண்டும் நிற்காது, ஏனென்றால் இரண்டு கட்டடமும் தனித்தனியாக அசைகின்றன. அங்கே மட்டும் ரசாயனம் வேண்டும். இடைவெளியைச் சுத்தம் செய்து, அதைவிடக் கொஞ்சம் தடிமனான ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்தி, மேலே அரை அங்குலம் விட்டு, ரப்பர்போல இழுபடும் பாலிசல்பைடு சீலண்ட் அடைக்க வேண்டும். சீலண்ட் இரண்டு பக்கச் சுவரில்தான் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக் கூடாது. அடியிலும் ஒட்டினால் இழுக்கும்போது கிழியும், கயிறு வைப்பதே அதற்குத்தான். அதன்மேல் மடித்த அலுமினியத் தகடு. தகட்டை உயரமான சுவர்ப் பக்கம் மட்டும் காடி வெட்டிச் செருகி, மறுபக்கம் நாலைந்து அங்குலம் சும்மா கவிந்திருக்க விடுங்கள். இரண்டு பக்கமும் ஆணி அடித்தால் முதல் கோடையிலேயே பிய்ந்துவிடும். இரண்டு மாடியும் ஒரே மட்டம் என்றால், இருபுறமும் ஒரு செங்கல் உயரம் திட்டு கட்டி அதன்மேல் தகட்டைக் கவிழ்க்க வேண்டும். அந்தக் கான்கிரீட் அறையின் மேல் கோட்டிங் அடித்துக்கொள்ளட்டும், தடையில்லை.

நிர்வாகம் மூன்று கொட்டேஷன் கேட்கும், கமிட்டி கூடும், பணம் மார்ச்சில் வரும். மழை ஐப்பசியில் வரும். சில்லறைச் செலவுக் கணக்கில் சுண்ணாம்பும் கொத்தனார் கூலியும் இப்போதே வாங்கி, ஆவணி முடிவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

அதற்குள் மழை முந்திக்கொண்டால், தார்ப்பாயைக் கைப்பிடிச் சுவரிலிருந்து வடிகுழாய்ப் பக்கம் சரியும்படி விரித்து, ஓரங்களில் மணல் மூட்டை வையுங்கள். தளத்தில் ஆணி அடிக்க வேண்டாம். ஒழுகும் வகுப்பில் ஃபேன், லைட் சர்க்யூட்டை மெயினிலேயே நிறுத்துங்கள். மழை விட்ட மறுநாளே தார்ப்பாயைச் சுருட்டிவிடுங்கள், அடியில் வியர்த்து நிற்கும்.