கூத்துக் கொப்பியின் கடைசிப் பக்கம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் கமம் செய்கிறவன். வயது 61. கூத்துப் பழக்குகிறவன் என்பதால் ஊரில் அண்ணாவியார் என்பார்கள். கோவலன் கூத்தில் நாலு வருடம் முன்புவரை கண்ணகி வேடம் கட்டியவன் நான்தான். இப்போது பழக்குவதோடு சரி.

பிரச்சினை என் மருமகன். 22 வயது. ஆறு வயதில் இருந்து என் வீட்டில் வளர்கிறான். எட்டு வயதில் அவன் கையைப் பிடித்து மத்தளத்தில் வைத்துப் பழக்கியவன் நான். மூன்று வருடங்களாக ஒரு கிறிஸ்தவ இளைஞர் இயக்கத்தோடு திரிகிறான். அங்கே கீபோர்ட் வாசிக்கிறான். இங்கே மத்தளத்தைத் தொடுவதில்லை.

வேதக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கரையோரத்தில் எங்கள் உறவுக்காரர் பாதிப் பேர் கத்தோலிக்கர். ஆவணியில் மடு மாதா கோயிலுக்கு நானும் போய் வந்திருக்கிறேன். அவர்கள் யாரும் என் வீட்டுத் திருநீற்றுத் தட்டைத் தூக்கி அலுமாரிக்குப் பின்னால் வைக்கவில்லை. இவன் வைத்தான். படைத்த சோற்றைத் தொட மாட்டான். சித்திரா பௌர்ணமிக்கு நான் விரதம் இருக்கிறேன். அவன் குசினியில் முட்டை பொரிக்கிறான்.

போன வைகாசியில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை ஒட்டி எங்கள் ஊர்க் கூத்து. மத்தளத்துக்கு ஆள் இல்லை. ஒட்டுசுட்டானில் இருந்து ஒருவரைக் கூட்டி வந்தோம். விடியப்புறம் அவருக்குத் தாளம் நழுவிவிட்டது. சனம் சிரித்தது. நான் பழக்கிய கை அந்த நேரம் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

கூத்துக் கொப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பாட்டனார் கையால் எழுதிய கொப்பி. 2009இல் போரில் எல்லாவற்றையும் விட்டு ஓடினோம். அந்தக் கொப்பியை மட்டும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் மருமகன் ஏழு முக்கோணம் கீறி வைத்திருக்கிறான். ஒன்றுக்குள் குடும்பம், ஒன்றுக்குள் கல்வி, இப்படியே. கலை என்று எழுதிய முக்கோணத்துக்குக் கீழே, கோவலன் கூத்து. என்னடா இது என்று கேட்டேன். “மாமா, கலாசாரத்தை வெளியே நின்று திட்டிப் பயனில்லை. உள்ளே போய்க் கர்த்தருக்காகப் பிடிக்க வேண்டும்” என்றான். இப்போது அந்தக் கொப்பியைக் கேட்கிறான். அந்த மெட்டுகளில் அவர்களுடைய பாட்டை ஏற்றி, இளைஞர் முகாமில் மேடையேற்றப் போகிறார்களாம். மத்தளம் அடிக்க மாட்டான், மெட்டு மட்டும் வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் ஒரு வீடியோ காட்டினாள். இவன் மேடையில் நின்று சாட்சி சொல்கிறான். தான் ஒருவரும் இல்லாத அனாதையாக இருந்தானாம். சோறு போட்டது யார்? அகதி முகாமால் வந்து இரண்டு வருடம், பின்னேரம் பின்னேரம் வாசல் படலையில் குந்தியிருந்து தாய் வருவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தானாம். அவன் தாய் வவுனியா ஆஸ்பத்திரியில் இருக்கிறா, சுகமானதும் வருவா என்று நாங்கள் சொல்லியிருந்தோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறு எதைச் சொல்வது? பிறகு அவனாகவே விளங்கிக்கொண்டான், ஒருவரும் சொல்ல வேண்டி வரவில்லை. அது பழைய கதை, விடுங்கள். நான் சொல்ல வந்தது மத்தளத்தைப் பற்றி.

என் மனைவி, அவனை அவன் பாட்டில் விடுங்கள் என்கிறாள். எனக்கு விட முடியவில்லை. இது மூளைச்சலவையா? அவனை எப்படித் திருப்புவது? கொப்பியைக் கொடுக்கலாமா?

அண்ணாவியார்,
முல்லைத்தீவு

*

அன்புள்ள அண்ணாவியாருக்கு,

உங்கள் கடிதத்தில் மத்தளம் திரும்பத் திரும்ப வருகிறது. படலை ஒரே ஒரு இடத்தில் வருகிறது. அதையும் “விடுங்கள்” என்று இழுத்து மூடிவிட்டீர்கள். மன்னியுங்கள், நான் விடப் போவதில்லை.

அதற்கு முன் அந்த ஏழு முக்கோணம். அது உங்கள் மருமகனின் கண்டுபிடிப்பு இல்லை. 1975இல் அமெரிக்காவில் பில் பிரைட், லோரன் கன்னிங்காம் என்ற இரண்டு இளைஞர் இயக்கத் தலைவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தபோது, சமூகத்தை உருவாக்கும் ஏழு துறைகள் என்று ஏறக்குறைய ஒரே பட்டியலை இருவருமே கையில் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். குடும்பம், சமயம், கல்வி, அரசு, ஊடகம், கலை, வணிகம். பின்னால் வந்தவர்கள் அவற்றை மலைகள் ஆக்கினார்கள். மலை என்றால் ஏறிக் கொடி நாட்டத்தானே தோன்றும்? அந்தக் கொடி இப்போது உங்கள் கொப்பிவரை வந்திருக்கிறது. எனக்கும் அது பிடிக்கவில்லை. கூத்து, இரவு முழுக்க ஊர் கூடியிருந்து விழித்துப் பார்க்கும் காரியம். அதைப் பிடிக்க வேண்டிய இடமாகப் பார்ப்பவனுக்கு அது கடைசிவரை கைக்கு வராது.

ஆனால் மூளைச்சலவை என்ற சொல்லை என்னிடம் கேட்டு வாங்க முடியாது. கலாசாரத்துக்குள் புகுந்து ஆளை மாற்றலாம் என்ற நினைப்பு நம் மண்ணுக்குப் புதிது இல்லை. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் அதற்காகத்தான் வைத்தார்கள். வேதாகம மொழிபெயர்ப்பில் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து உழைத்த ஆறுமுக நாவலர், அந்த ஆயுதங்களையே எடுத்து 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் திறந்தார். கத்தோலிக்கர் மன்னாரில் புனிதர்களின் கதையைக் கூத்தாகவே ஆடுகிறார்கள். மெட்டு மதம் மாறிய கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 22 வயதில் ஒருவன் எந்தச் சமயத்தில் நிற்பது என்பது அவன் முடிவு. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும் அதைத்தான் சொல்கிறது. திருநீற்றுத் தட்டில் அவன் கை வைத்தது தவறு. அதை அவனிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள். வீடு உங்களுடையது.

இனிப் படலைக்கு வருவோம்.

ஆறு வயதுப் பிள்ளை. பின்னேரம். வவுனியாப் பக்கமிருந்து வரும் பஸ் நின்று போகிறது. இறங்கியவர்களின் முகம் ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். இருட்டியதும் யாரோ வந்து, வா சாப்பிட என்று கூப்பிடுகிறீர்கள். அடுத்த நாளும் இதுவே. இப்படி இரண்டு வருடம். “அவனாகவே விளங்கிக்கொண்டான்” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நாளில் விளங்கிக்கொண்டான், அன்றைக்கு அவன் எங்கே போய் இருந்தான் என்று உங்களால் சொல்ல முடியுமா? ஒரு தாய் செத்ததை ஒரு பிள்ளை தனியாக, ஒருவருக்கும் சொல்லாமல், உங்கள் வளவுக்குள்ளேயே கண்டுபிடித்திருக்கிறது. அனாதை என்று அவன் சொன்னது உங்கள் சோற்றைப் பற்றி அல்ல, அந்த நாளைப் பற்றி.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் மறைக்கவில்லை. செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் இந்தப் பொய் இருந்தது. எல்லோரும் அரைகுறை உயிரோடு இருந்த நேரத்தில் ஒரு பிள்ளையை நித்திரையாக்க அதுதான் கைவசம் இருந்தது. முகாமில் சொன்னதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மீள்குடியேறிய பிறகும், அவன் மீசை முளைத்த பிறகும், இன்றுவரையும் சொல்லாமல் இருப்பதற்குக் குறை சொல்வேன்.

சித்திரா பௌர்ணமிக்கு முட்டை பொரிக்கிறான் என்று நொந்திருக்கிறீர்கள். தாயை இழந்தவர்கள் பிடிக்கும் விரதம் அது. நீங்கள் உங்கள் தாய்க்காகப் பிடிக்கிறீர்கள். அவனை என்றாவது பக்கத்தில் இருத்தி, இது உன் அம்மாவுக்கு என்று பிடிக்கச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அதையும் முறைப்பாட்டோடு சேர்த்து எழுதியிருப்பீர்கள். சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கு முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் சமயத்தை அவன் உதறிவிட்டான் என்கிறீர்கள். அதில் அவனுக்கென்று இருந்த ஒரு நாளை நீங்கள் அவன் கையில் கொடுக்கவே இல்லை.

இன்னொன்று, அண்ணாவியார். கோபிக்காமல் கேளுங்கள். வெட்டுண்டு கிடக்கும் கோவலனைக் கண்டு கண்ணகி அழும் கட்டத்தை நீங்கள் பாடும்போது களரியைச் சுற்றியிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தியிருப்பார்கள். மத்தளத்தில் இருந்த பையன் அதை நாலடி தூரத்தில் இருந்து வருடா வருடம் பார்த்தான். ஒப்பனை போட்ட மாமா யாரோ ஒருவனுக்காக விடியவிடிய அழுகிறார். ஒப்பனையைத் துடைத்த மாமா அவன் அம்மாவைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. 2009இல் போரின் இறுதி நாட்கள் வைகாசி பிறந்த கையோடு வந்தன. பொங்கலும் வைகாசியில்தான். அந்த மாதத்தில் மத்தளத்தில் கை வைக்க அவனுக்கு மனம் வராததற்குச் சபை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

அந்த இயக்கம் அவனுக்கு ஏழு மலையைக் காட்டியது என்று நினைக்கிறீர்கள். அவனை அங்கே இருத்தி வைத்திருப்பது மலை இல்லை என்பது என் எண்ணம். ஒரு மைக்கைக் கொடுத்து, உனக்கு என்ன நடந்தது சொல் என்று கேட்டிருக்கிறார்கள். அதை அவனிடம் முதன்முதலில் கேட்டவர்கள் அவர்கள்தான். அவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு: ஒரு பையன் காயத்தைத் திறந்து காட்டும் இடத்தில் அல்லேலூயா சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதை வீடியோவாக வேறு ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். ஆனாலும் அவர்கள் கேட்டார்கள்.

ஆகவே திருப்புவது எப்படி என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். அவனைக் கூட்டிக்கொண்டு வயலுக்கோ குளக்கட்டுக்கோ போங்கள். நேருக்கு நேர் இருக்க வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். அவன் தாய் எங்கே, எந்த நேரம், எப்படி இறந்தார், என்ன உடுத்திருந்தார், கடைசியாக எதைக் கேட்டார், உடலை என்ன செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியாமல் போனது என்று தெரிந்ததெல்லாம் சொல்லுங்கள். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அதன் கையோடு மத்தளத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள்; விட்டால் எல்லாம் அதற்காகத்தான் என்று நினைப்பான். அவன் அங்கேயே ஜெபம் செய்ய ஆரம்பித்தால் எழுந்து போகாமல் இருங்கள். நித்திரை குழம்பினால், அவனுக்கோ உங்களுக்கோ, மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். முதலில் உங்களுக்குத்தான் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

கொப்பியை இப்போது கொடுக்க வேண்டாம். கொடுக்க மாட்டேன் என்றும் சொல்ல வேண்டாம். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிய அன்று அவனும் உங்களோடு வந்தான். அந்தப் பயணத்தை அவனுக்குச் சொல்லாமல் கொப்பியைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

கடிதத்தை மறுபடியும் வாசித்துப் பார்த்தேன். “அவன் தாய்” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கூடப்பிறந்தவர். அக்காவா தங்கையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவனோடு பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள், அவருடைய பெயரையும் சேர்த்து.