.243 ரைஃபிள்ல ஓட்டை நீளவாக்குல விழுதுன்னா வெடிமருந்துல (பவுடர்) தப்பு இல்லங்க

கலிஃபோர்னியாவுல மான் வேட்டைக்கு பழைய .243 ரைஃபிள், 100 கஜத்துல பேப்பர்ல ஓட்டை வட்டமா இல்லாம நீளவாக்குல விழுது, மூணு பவுடர் மாத்தியும் சரியாகலன்னு எழுதியிருந்தீங்க. பவுடரை விடுங்க, குண்டு பறக்குறப்போ தள்ளாடி பக்கவாட்டுல போய் அடிக்குது. அங்க 2019 ஜூலையில இருந்து வேட்டைக்கு ஈயம் கூடாதுங்கறதால முழு காப்பர் குண்டுக்கு மாறியிருப்பீங்க, காப்பர் ஈயத்தைவிட லேசு, அதனால அதே எடைக்கு குண்டு நீளமாயிடும், நீளம் கூடினா வேகமா சுழலணும். பழைய .243 பேரல் நிறையல, குண்டைச் சுழல வைக்கிற உள்பக்க வரி (ரைஃப்ளிங்) 10 இஞ்சுக்கு ஒரு சுத்து தான், நீளக் குண்டுக்கு அது பத்தாம போகலாம்.

முதல்ல அதை அளந்து பாருங்க: கிளீனிங் ராடுல டைட்டா துணி சுத்தி, ராடுல ஒரு கோடு போட்டு, கோடு ஒரு முழு சுத்து வர வரைக்கும் எத்தனை இஞ்சு உள்ள போகுதுன்னு பாருங்க. (கன் காலியான்னு ரெண்டு தடவை பாத்துக்கோங்க, ப்ளீஸ்.) 10 வந்தா நீளம் கம்மியான 80 கிரெய்ன் (சுமார் 5 கிராம்) காப்பர் குண்டு போடுங்க, மானுக்கு அது தாராளம். லோடு (எவ்வளவு பவுடர்ங்கற கணக்கு) மட்டும் அந்தக் குண்டுக்கே உள்ள மேனுவல்ல இருந்து எடுங்க, ஈயக் குண்டு கணக்கை இதுக்குப் போட்டா பிரஷர் எகிறிடும். ஆரம்ப அளவுல தொடங்கி மெதுவா ஏத்துங்க, குண்டை ரைஃப்ளிங்ல இருந்து 50 தவ் (0.05 இஞ்சு) தள்ளி உக்கார வைங்க, பேரலையும் பழைய படிவு போற வரைக்கும் தேய்ச்சிட்டு சுடுங்க.